நுரையீரல் புற்றுநோய், 4ஆம் நிலை, தினமும் மாத்திரை: நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

பிறைக்காரி (பினாங்கு, பெருநிலப் பக்கம்)

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு 49 வயசு. பாயான் லெப்பாஸ்ல ஒரு தொழிற்சாலையில தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில சூப்பர்வைசர். சிகரெட்டைக் கையால தொட்டதில்லை, வீட்டுலயும் யாரும் பிடிக்கிறதில்லை. இருமல் விடவே மாட்டேங்குதுன்னு போனப்ப எக்ஸ்ரேயில இடது நுரையீரலைச் சுத்தி நீர் கோத்திருந்துச்சு. காசநோயா இருக்கலாம்னுதான் முதல்ல நினைச்சாங்க. நீரை எடுத்துச் சோதிச்சதுல அடினோகார்சினோமாங்கிற வகைப் புற்றுநோய்னு வந்தது. அப்புறம் ஜீன் சோதனை: கட்டியில ஈஜிஎஃப்ஆர்ங்கிற ஜீன்ல மாற்றம், எக்ஸான் 19ங்கிற பகுதியில. இப்ப அந்த மாற்றத்துக்கான மாத்திரை, ஒசிமெர்டினிப் 80 மி.கி., ஒரு நாளைக்கு ஒண்ணு. இருமல் நல்லாவே அடங்கிடுச்சு. மாடிப்படி ஏறினா மட்டும் மூச்சு வாங்குது.

முடி கொட்டலை, எடையும் பெரிசா குறையலை. அதனால பார்க்கிறவங்க "ஒண்ணும் இல்லையே, நல்லாத்தானே இருக்கே"ங்கிறாங்க. அடுத்த மூச்சில ஆளுக்கு ஒரு இலை, ஒரு சாறு சொல்றாங்க. டாக்டர் மருந்தைப் பத்தித் தெளிவா சொல்லிட்டார். ஆனா மத்ததை யாருகிட்ட கேக்கறது? கால் பெருவிரல் நகக்கண்ணு வீங்கிச் சீழ் வைக்குது, வேலைக்குப் போட்டுட்டுப் போற ஷூவுக்குள்ள காலை விட முடியலை. வேலையை விடறதா, நீட்டிக்கிறதா தெரியலை. எல்லாத்துக்கும் மேல அம்மா. 76 வயசு, இனிப்புநீர், ரத்தக்கொதிப்பு ரெண்டும் இருக்கு. "நுரையீரல்ல கிருமி"ன்னு மட்டும் சொல்லி வச்சிருக்கோம். தம்பி சொல்லவே கூடாதுங்கிறான்.

இதே பாதையில போனவங்க, போயிட்டிருக்கிறவங்க பேசுங்க.

செந்தூல்_அண்ணன் (கோலாலம்பூர்)

தங்கச்சி, என் மனைவிக்கும் ஈஜிஎஃப்ஆர்தான். முதல்ல அஃபாட்டினிப் சாப்பிட்டாங்க, அப்புறம் நோய் மறுபடி அசைஞ்சப்போ சோதிச்சுப் பார்த்ததுல டி790எம்னு, பழைய மருந்துக்கு அடங்காத ஒரு புது ஜீன் மாற்றம் வந்தது, ஒசிமெர்டினிப்புக்கு மாத்தினாங்க. அஃபாட்டினிப்போட ஒப்பிட்டா இதுல பரு, வயித்துப்போக்கு எல்லாம் கம்மி. நகம் மட்டும் ரெண்டுலயும் படுத்தும்.

நகக்கண் விஷயத்தை அலட்சியமா விடாதீங்க. நகத்தை மூலையில உள்வாங்கி வெட்டவே வேண்டாம், நேரா வெட்டுங்க. பாத்திரம் கழுவும்போது உள்ளே பருத்திக் கையுறை, மேலே ரப்பர் கையுறை. மிளகாய் அரியறது, இறால் உரிக்கிறது ரெண்டும் எங்க வீட்டுல இப்ப என் வேலை. இறால் ஓட்டு முள் ஒண்ணு நகக்கண்ணுல ஏறிட்டா வாரக்கணக்கில ஆறாது. கால் பெருவிரல் வீங்கியிருந்த சமயத்துல படுக்கை விரிப்பு உரசினாலே அவங்களுக்கு உயிர் போகும். கால்மாட்டுல ரெண்டு தலையணையை நிமிர்த்தி வச்சு விரிப்பு விரல்ல படாம பார்த்துக்கிட்டோம். சீழ் வந்துட்டா வீட்டு வைத்தியம் பார்க்காம கிளினிக்குக்கு போன் போட்டு, குறிச்ச தேதிக்கு முன்னாடியே போயிடுங்க. தடவ மருந்து தருவாங்க, தேவைப்பட்டா ஆன்டிபயாட்டிக் தருவாங்க. ரொம்பப் போச்சுன்னா மாத்திரையைக் கொஞ்ச நாள் நிறுத்தி வைக்கிறதும் உண்டு. அதை அவங்க முடிவு பண்ணணும், நாம இல்லை.

தோலுக்கு வாசனை இல்லாத கிரீம், குளிச்ச ஈரம் காயறதுக்குள்ள தடவணும். நம்ம ஊர் வெயில்ல குடை கட்டாயம்.

வேலையை அவசரப்பட்டு எழுதிக் கொடுத்துடாதீங்க. அதைப் பத்தி விவரம் தெரிஞ்சவங்க சொல்லுவாங்க.

மாத்திரைப்பெட்டி (கோலாலம்பூர்)

அரசாங்க மருத்துவமனையில் மருந்தாளராக இருக்கிறேன். பிறைக்காரி அக்காவுக்கும், இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் சில விஷயங்கள்.

ஒசிமெர்டினிப்பைச் சாப்பாட்டோடும் எடுக்கலாம், வெறும் வயிற்றிலும் எடுக்கலாம். நேரம் மட்டும் மாறக்கூடாது. மறந்துவிட்டால் நினைவு வந்ததும் எடுங்கள். அடுத்த மாத்திரைக்கு 12 மணி நேரத்துக்கும் குறைவாக இருந்தால் விட்டுவிடுங்கள். இரண்டாகச் சேர்த்து எடுக்கவே கூடாது. இதே குடும்பத்து மற்ற மாத்திரைகளுக்கு விதி வேறு. அஃபாட்டினிப்பும் எர்லோட்டினிப்பும் வெறும் வயிற்றில் எடுக்க வேண்டியவை. ஜெஃபிட்டினிப், எர்லோட்டினிப் சாப்பிடுகிறவர்கள் கேஸ்ட்ரிக்குக்கு ஒமெப்ரசோல் எடுத்தால் புற்றுநோய் மருந்து உடம்பில் சரியாகச் சேராது. பக்கத்து வீட்டுக்காரரின் மாத்திரைக்குச் சொன்னதை உங்கள் மாத்திரைக்குப் பின்பற்றாதீர்கள்.

காசநோய் என்று முதலில் சந்தேகப்பட்டதாக எழுதியிருக்கிறீர்கள். காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின், வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிட்டாயின், கார்பமசெப்பின் ஆகியவை ஒசிமெர்டினிப்பின் அளவை இரத்தத்தில் வெகுவாகக் குறைத்துவிடும். வேறு எந்த கிளினிக்கில் எந்த மருந்து எழுதினாலும் உங்கள் மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டுங்கள். சீனப் பெருநாள் சமயத்தில் ஈப்போ பம்பளிமாஸ் வீட்டுக்கு வீடு வரும். அதுவும் கிரேப்ஃபுரூட்டும் நெருங்கிய சொந்தம், சில மருந்துகளோடு ஒத்துப்போகாது. உங்கள் மருந்துப் பட்டியலைக் காட்டிக் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.

இதை மட்டும் மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள்: புதிதாக மூச்சுத்திணறல், வறட்டு இருமல், காய்ச்சல் வந்தால் அடுத்த அப்பாயின்ட்மென்ட்வரை காத்திருக்காமல் அன்றே அவசரப் பிரிவுக்குப் போங்கள். அபூர்வமாக இந்த மருந்தே நுரையீரலில் அழற்சியை உண்டாக்கும். சீக்கிரம் கண்டுபிடித்தால் சமாளிக்கலாம். நெஞ்சு படபடப்பு, மயக்கம் இருந்தாலும் சொல்லுங்கள். இதயத் துடிப்பின் தாளத்தை இது பாதிக்கக்கூடும், அவ்வப்போது ஈசிஜி எடுப்பது அதனால்தான்.

ரவாங்_வீடு

நான் வேற மாதிரி சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. எங்க மாமா பெலாலாய் காஜாங்கிற மூலிகை இலையை ஆப்பிளோட அரைச்சு தினமும் குடிச்சாரு. டுரியான் பெலண்டா (முள்சீத்தா) இலையையும் கொதிக்க வச்சுக் குடிச்சாரு. டாக்டர் கொடுத்த நாளைவிட ரொம்ப காலம் தெம்பா இருந்தாரு. இயற்கை மருந்துல என்ன கெடுதல்? மாத்திரையோட சேர்த்துக் குடிக்கலாமே.

மாத்திரைப்பெட்டி

கோபமே இல்லை அண்ணே. மாமா தெம்பாக இருந்தது உண்மையாகவே இருக்கும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சாறுகள் மனிதர்களுக்கு நுரையீரல் புற்றுநோயைக் கட்டுப்படுத்தும் என்று நிரூபிக்கப்படவில்லை. செறிவான சாறாகவும் கேப்சூலாகவும் எடுக்கும்போது கல்லீரலுக்கு வேலை கூடுகிறது. இந்த மாத்திரைகளும் கல்லீரல் வழியாகத்தான் கழிகின்றன. இரத்தப் பரிசோதனையில் கல்லீரல் அளவு ஏறிவிட்டால், ஏறியது மாத்திரையாலா சாற்றாலா என்று பிரித்துச் சொல்ல முடியாது. பல நேரம் நல்லபடியாக வேலை செய்துகொண்டிருந்த மாத்திரையைத்தான் முதலில் நிறுத்த வேண்டி வரும். அந்த இழப்பை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

ரசத்தில் போடும் மஞ்சளுக்கும் மிளகுக்கும் தடை கிடையாது. புட்டியில் வரும் மஞ்சள் கேப்சூலை மட்டும் கேட்காமல் எடுக்காதீர்கள். ஏற்கெனவே ஏதாவது குடித்துக்கொண்டிருந்தால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். திட்டுவார் என்று பயப்பட வேண்டாம்.

கிள்ளான்_மகள்

அம்மா விஷயத்துக்கு வர்றேன். எங்க அப்பாவுக்கு வந்தப்போ அண்ணன்மார் ரெண்டு பேரும் சொல்லக்கூடாதுன்னு முடிவு பண்ணிட்டாங்க. அப்பா நகராண்மைக் கழகத்துல கிராணியா இருந்தவர். அப்பாயின்ட்மென்ட் கார்டுல "கிளினிக் ஒன்கோலோஜி"ன்னு அச்சடிச்சிருந்ததை அவரே படிச்சிட்டாரு. எங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்கலை. அடுத்த தடவை டாக்டர் முன்னாடி உட்கார்ந்து மலாய்ல நேரா கேட்டாரு: எனக்கு என்ன வியாதி, எவ்வளவு பரவியிருக்கு? டாக்டர் எங்க முகத்தைப் பார்த்தாரு. அப்பா, "அவங்களைப் பார்க்காதீங்க, உடம்பு என்னுது"ன்னாரு.

அதுக்கப்புறம் வீடு லேசாச்சு. இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) நாமினேஷன் சரி பண்ணினாரு, நிலத்துப் பேப்பரை எடுத்து வச்சாரு, யாருக்கு என்ன கடன் பாக்கின்னு ஒரு நோட்டுல எழுதினாரு. குசுகுசுன்னு பேசிட்டு அவர் வந்ததும் நிறுத்தின காலத்துல அவர் தனியா கிடந்திருக்காரு, அதுதான் எனக்கு இன்னும் ஆறலை.

அக்கா, உங்க விஷயத்துல நோயாளி நீங்க. அம்மாகிட்ட சொல்ற உரிமை உங்களோடது, தம்பியோடது இல்லை. எல்லாத்தையும் ஒரே நாள்ல கொட்ட வேணாம். "கிருமி இல்லைம்மா, கட்டி. மருந்து இருக்கு, வேலை செய்யுது." முதல் நாளைக்கு அவ்வளவு போதும். அவங்க எதைக் கேக்கிறாங்களோ அதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. தீபாவளிக்குச் சொந்தக்காரங்க கூடற வீட்டுல யாராவது வாய் தவறி உளர்றதுக்கு முன்னாடி உங்க வாயால கேக்கட்டும்.

லோரிக்காரர்_மனைவி (சுங்கை பூலோ)

நான் இங்க எழுதலாமான்னு தெரியலை, ஏன்னா எங்க வீட்டுக்காரர் சிகரெட் பிடிச்சவர்தான். ராத்திரி லோரி ஓட்டறவர், தூக்கம் வராம இருக்க ஒண்ணு மாத்தி ஒண்ணு. எல்லாரும் வந்து உக்காந்ததும் கேக்கிற முதல் கேள்வி "பிடிப்பாரா?" ஆமான்னு சொன்னதும் முகத்துல ஒரு நிம்மதி வரும் பாருங்க, ஓ அப்படின்னா நமக்கு வராதுன்னு. பிடிக்காத பிறைக்காரி அக்காவுக்கும் வந்திருக்கு. சோறு வடிச்சுப் போடற எனக்கு அந்தக் கேள்வியால ஒரு பிரயோசனமும் இல்லை.

அவருக்கு ஜீன்ல மாற்றம் எதுவும் இல்லை. கட்டியில பிடி-எல்1ங்கிற புரதத்தோட அளவு உயர்வா வந்ததால இம்யூனோதெரபி, அதாவது உடம்போட எதிர்ப்புச் சக்தியையே நோய்மேல திருப்பிவிடற மருந்து, மூணு வாரத்துக்கு ஒரு தடவை டிரிப் ஏத்தறாங்க. அதுல தைராய்டு குறைஞ்சு இப்ப அதுக்கும் மாத்திரை. கேக்காமலே ஒரு விஷயம் சொல்றேன்: நோய் வந்த பிறகும் சிகரெட்டை விடறதுல அர்த்தம் இருக்குன்னு மிஸ்ஸி (நர்ஸ்) ஒருத்தங்க விளக்கினாங்க. சிகிச்சை நல்லா எடுக்கும், மூச்சு கொஞ்சம் லேசாகும். "இனிமே விட்டு என்ன ஆகப்போவுது"ன்னு உக்காந்திருந்த மனுஷனை மாத்தினது அந்தப் பேச்சு. நாங்க திட்டினதெல்லாம் அவர் காதுல ஏறவே இல்லை.

பிறைக்காரி

லோரிக்காரர் மனைவி, கட்டாயம் எழுதுங்க. "நான் பிடிச்சதே இல்லை"ன்னு நானே முதல் வரியில எழுதியிருக்கேன் பாருங்க. எல்லாரும் அதைத்தானே கேக்கிறாங்கன்னு கை தானா எழுதிடுது. உங்க வீட்டுக்காரருக்கும் எனக்கும் ஒரே நோய், ஒரே வரிசையில உக்காந்து நம்பர் கூப்பிடக் காத்திருக்கோம்.

சங்கத்துக்காரன் (பினாங்கு)

வேலை, பணம் பத்தி. தொழிற்சங்கத்துல இருக்கிறதால இந்தக் காகிதங்களோட பழக்கம் உண்டு.

முதல்ல வேலையை ராஜினாமா பண்ணாதீங்க. கம்பெனியோட குழு மருத்துவக் காப்புறுதி இருந்தா ராஜினாமாவோட அதுவும் போயிடும். எம்சி (மருத்துவ விடுப்பு), ஆஸ்பத்திரி விடுப்பு எவ்வளவு மிச்சமிருக்குன்னு எச்ஆர்ல எழுத்துல கேளுங்க. நின்னுக்கிட்டே பார்க்கிற வேலையா இருந்தா உக்காந்து பார்க்கிற வேலைக்கு மாத்தச் சொல்லி டாக்டர் கடிதத்தோட கேளுங்க. வாய்வார்த்தையா கேட்டா நடக்காது.

பெர்க்கெசோல, அதாவது சமூகப் பாதுகாப்பு நிறுவனத்துல, பென்சென் ஈலாட்னு உடல் இயலாமை ஓய்வூதியம் இருக்கு. 60 வயசுக்குள்ள இருக்கணும், போதிய சந்தா கட்டியிருக்கணும், வழக்கமான சம்பாத்தியத்துல மூணுல ஒரு பங்குகூட ஈட்ட முடியாத நிலைன்னு மருத்துவ வாரியம் ஏத்துக்கணும். இப்ப வேலைக்குப் போக முடியறவங்களுக்கு அது இன்னிக்குத் தேவையில்லை. ஆனா சந்தா விட்டுப்போகாம இருக்கிறது முக்கியம், ராஜினாமா வேண்டாம்னு சொல்றதுக்கு இன்னொரு காரணம் இதுதான். இபிஎஃப்ல கடுமையான நோய்க்கு மருத்துவச் செலவுக்காகப் பணம் எடுக்கலாம், அக்காவுன் செஜாத்ராங்கிற கணக்குல இருந்து. அம்மா அப்பா, கூடப்பிறந்தவங்க சிகிச்சைக்கும் எடுக்க முடியும். வருமான வரி கட்டறவங்க சிகிச்சைச் செலவு ரசீதை எல்லாம் பத்திரப்படுத்துங்க, கடுமையான நோய்க்கு விலக்கு உண்டு.

வருமானம் குறைஞ்சவங்களுக்கு பெக்கா பி40ங்கிற அரசாங்க சுகாதாரத் திட்டம்: புற்றுநோய்ச் சிகிச்சையை முடிக்கிறவங்களுக்கு 1,000 வெள்ளி (ரிங்கிட்), ஆஸ்பத்திரிக்குப் போய்வர தீபகற்பத்துல 500 வெள்ளிவரை. சிகிச்சை தொடங்கறதுக்கு முன்னாடியே விண்ணப்பிச்சிடறது நல்லது. இந்த மாத்திரைகளைச் சொந்தக் காசுல வாங்கினா மாசத்துக்குப் பல ஆயிரம் வெள்ளி ஆகும். வாங்க முடியலைன்னா ஆஸ்பத்திரியிலேயே மருத்துவ சமூகநல அதிகாரி இருப்பாங்க. அந்த அறைக்கதவைத் தட்டுங்க. சுகாதார அமைச்சோட தாபோங் பந்துவான் பெருபத்தான்ங்கிற மருத்துவ உதவி நிதி, மக்னாங்கிற புற்றுநோய் உதவி அமைப்பு, மருந்து நிறுவனத்தோட உதவித் திட்டம், எது பொருந்தும்னு அவங்க பார்த்துச் சொல்லுவாங்க. நம்ம ஆளுங்க கூச்சப்பட்டுக் கேக்காம நகையை அடகு வைக்கிறதைப் பார்த்தா வயிறு எரியுது.

கணக்கு_வாத்தியார் (புக்கிட் மெர்த்தாஜம்)

ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். எனக்கு எல்858ஆர், ஈஜிஎஃப்ஆர் ஜீனிலேயே இன்னொரு வகை மாற்றம். அதே மாத்திரை.

இணையத்தில் தேடினால் ஓர் எண் கண்ணில் படும். 2018இல் வெளிவந்த ஃப்ளாரா ஆய்வில், ஒசிமெர்டினிப் எடுத்தவர்களுக்கு நோய் மறுபடி வளராமல் இருந்த இடைநிலைக் காலம் 18.9 மாதம், பழைய மாத்திரைகளில் 10.2 மாதம். அதே ஆய்வில் பிறகு வெளிவந்த ஆயுள்காலத்தின் இடைநிலை 38.6 மாதம், பழைய மாத்திரைகளில் 31.8. இதைப் படித்துவிட்டு "எனக்கு இன்னும் மூன்று வருஷம்தான்" என்று என்னிடம் ஒரு தம்பி போனில் அழுதார். இடைநிலை என்றால் வரிசையில் நடுவில் நிற்பவர். பாதிப் பேர் அவருக்கு அந்தப் பக்கம் நிற்கிறார்கள், அவர்களில் சிலர் வெகுதூரம் தாண்டி. அந்த எண் உங்கள் பெயருக்கு எழுதிய தேதி கிடையாது. குறைவானவர்கள் பக்கமும் பாதிப் பேர் இருக்கிறார்கள் என்பதையும் நான் மறைக்க மாட்டேன். அதனால்தான் காகிதங்களைச் சரிசெய்து வைத்திருக்கிறேன்.

மருந்து என்றாவது ஒரு நாள் பிடி தளரும். அது எல்லாம் முடிந்தது என்பதல்ல. ஏன் தளர்ந்தது என்று மறுபடியும் திசு எடுத்தோ இரத்தத்திலோ சோதிப்பார்கள், அதன்படி கீமோ அல்லது வேறு வழி. ஓரிடத்தில் மட்டும் வளர்ந்திருந்தால் அங்கே மட்டும் கதிர்வீச்சுக் கொடுத்து அதே மாத்திரையைத் தொடர்வதும் உண்டு.

புதிதாக நோய் தெரிந்து இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அடினோகார்சினோமா என்று வந்தால், சிகிச்சை தொடங்குமுன் "ஜீன் சோதனை அனுப்பியாயிற்றா? ஈஜிஎஃப்ஆர், ஏஎல்கே பார்த்தீர்களா?" என்று கேளுங்கள். ஏஎல்கே என்பது இதேபோல் தனி மாத்திரை உள்ள இன்னொரு ஜீன். ஆசியர்களிடம், அதிலும் புகைக்காதவர்களிடம், ஈஜிஎஃப்ஆர் மாற்றம் அதிகம். முடிவு வர நாளாகும், அந்தக் காத்திருப்பு கொடுமைதான். மூச்சே விட முடியாத அவசர நிலை இல்லையென்றால் பொதுவாகக் காத்திருப்பது பயன் தரும். முதல் மருந்தைச் சரியாகத் தேர்வதில்தான் பாதி விஷயம் இருக்கிறது.

ரவாங்_வீடு

வாத்தியாரையா, ஸ்கேன் எடுத்துட்டு ரிசல்ட் வரவரைக்கும் என்ன பண்ணுவீங்க? மாமா அந்த வாரம் பூரா சாப்பிடவே மாட்டாரு.

கணக்கு_வாத்தியார்

தூக்கம் வராது, எனக்கும்தான். ஸ்கேன் தேதியையும் டாக்டரைப் பார்க்கும் தேதியையும் முடிந்தவரை நெருக்கி வைக்கச் சொல்லிக் கேட்பேன். இடைப்பட்ட நாட்களில் பேரப்பிள்ளைகளுக்கு எஸ்பிஎம் கணக்கு. அறிக்கையைத் தனியாகத் திறந்து படிக்க மாட்டேன். மகள் கூட வருவாள், அவள் குறிப்பெடுப்பாள். பயத்தில் நம் காதில் பாதிதான் விழும்.

செந்தூல்_அண்ணன்

இன்னொண்ணு, தள்ளிப்போடாதீங்க: வலி, மூச்சுக்கான வைத்தியத்தை, அதாவது பேலியேட்டிவ் பிரிவை, கடைசி நாளுக்குன்னு ஒதுக்கி வைக்க வேண்டாம். சிகிச்சை நடக்கும்போதே பார்க்கலாம். செராஸ்ல இருக்கிற ஹோஸ்பிஸ் மலேசியா கிள்ளான் பள்ளத்தாக்குல வீட்டுக்கே வந்து இலவசமா பார்க்கிறாங்க, 1991ல தொடங்கினது. பினாங்கிலயும் ஹோஸ்பிஸ் சங்கம் இருக்கு. மூச்சு முட்டற நேரத்துல முகத்துக்கு நேரா கையில பிடிக்கிற சின்ன மின்விசிறி வச்சுக்கிறது, முன்பக்கம் சாய்ஞ்சு முழங்கையை மேசையில ஊனி உக்கார்றது, உதட்டைக் குவிச்சு மெதுவா மூச்சை விடறது, இதையெல்லாம் என் மனைவிக்குக் கத்துக்கொடுத்தது அவங்கதான்.

பிறைக்காரி

எல்லாருக்கும் மனசார நன்றி. நகத்துக்கு ஆன்டிபயாட்டிக் கிடைச்சிடுச்சு, வீக்கம் வத்துது. எச்ஆருக்கு டாக்டர் கடிதத்தோட எழுதிட்டேன். உக்காந்து பார்க்கிற வேலை தர ஒத்துக்கிட்டாங்க.

அம்மாகிட்ட சொல்லிட்டேன். கிள்ளான் மகள் சொன்ன அதே வார்த்தைதான். அழுதாங்க. அப்புறம் "மருந்து வேளாவேளைக்குச் சாப்பிடறியா?"ன்னு கேட்டாங்க. தம்பிக்கு இன்னும் என்மேல கோபம். அது தணியும்.

அம்மா தண்ணிமலை முருகன் கோயிலுக்கு வேண்டிக்கிட்டாங்களாம், தைப்பூசத்துக்கு நானும் படி ஏறணும்னு. எனக்கும் ஆசைதான். 500 படிக்கு மேல இருக்கே, முடியுமா? செருப்பில்லாம வேற நடக்கணும்.

கணக்கு_வாத்தியார்

டாக்டரிடம் கேட்டுவிட்டு ஏறலாம். உங்களுக்கு நுரையீரலில் நீர் இருந்தது, அது மறுபடி சேரவில்லை என்று எக்ஸ்ரேயில் பார்த்துக்கொள்ளுங்கள். இப்போதே தாவரவியல் பூங்காவில் தினமும் கொஞ்சம் நடந்து பழகுங்கள். தைப்பூசத்தன்றே ஏற வேண்டும் என்று கட்டாயமில்லை. கூட்டத்தில் நின்று மூச்சு வாங்க இடம் கிடைக்காது. அதற்குப் பிந்தைய வாரநாளில் விடியலில் போனால் படிக்குப் படி உட்காரலாம்.

செந்தூல்_அண்ணன்

கால் விஷயம்: சீழ் முழுசா ஆறுற வரைக்கும் வெறுங்காலோட தார் ரோட்டுல நடக்காதீங்க. ஆறின பிறகும் பருத்தி சாக்ஸ் போட்டுக்கிட்டு ஏறுங்க. முருகன் ஒண்ணும் சொல்லமாட்டார். தண்ணி பாட்டிலும் மாத்திரை அட்டையும் தம்பி கையில இருக்கட்டும், கோபத்தோடயாவது கூட வரட்டும்.